சலுகையும் படிக்கட்டும்: சோமனூர் வட்டாரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான பொதுச் சேவைகள்

சோமனூர், கோயம்புத்தூர் மாவட்டம் சூலூர் வட்டத்தில் கருமத்தம்பட்டி நகராட்சிக்கு உட்பட்ட விசைத்தறி ஊர். கோவையிலிருந்து ஈரோடு செல்லும் இருப்புப்பாதையில் சூலூர் ரோடு, வஞ்சிபாளையம் ஆகிய நிலையங்களுக்கு நடுவே இதன் ரயில் நிலையம் இருக்கிறது. கோவை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மேற்கே. திருப்பூர் அதைவிடப் பக்கம். 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமானபோது இந்தத் தறி வட்டாரம் இரண்டாகப் பிரிந்தது. பல்லடமும் அவிநாசியும் திருப்பூர் மாவட்டத்துக்குப் போயின. சூலூர் வட்டத்தோடு சோமனூர் கோவையிலேயே தங்கிவிட்டது. நூலுக்கும் துணிக்கும் திருப்பூர் பக்கம் பார்க்கும் ஊர், அரசாங்கக் காகிதத்துக்குக் கோவை பக்கம் பார்க்க வேண்டும். கால் நடக்கும் ஒருவருக்கு இது ஒரு பஸ் பயணம். கால் நடக்காதவருக்கு, கண் தெரியாதவருக்கு, காது கேளாதவருக்கு இது என்ன என்பதிலிருந்துதான் இக்கட்டுரையின் பொருள் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான பொதுச் சேவைகளின் வரலாற்றைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சலுகை முதலில் வந்தது. வழி பின்னால் வந்தது, அல்லது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கட்டணமில்லாப் பயண அட்டை கிடைத்த பல ஆண்டுகளுக்குப் பிறகும், அந்த அட்டையோடு ஏற வேண்டிய பஸ்ஸின் படி உயரமாகவே இருந்தது. பெருநகரத்தில் இந்த இடைவெளியை ஆட்டோ வைத்துக் கடந்துவிடலாம். சோமனூர் போன்ற சிற்றூரில்தான் அதன் முழு நீளம் தெரியும்.

தறியும் உடலும்

மாற்றுத்திறன் என்பது பிறவியில் வருவது அல்லது இளம்பிள்ளை வாதத்தில் வருவது என்ற எண்ணம் பொதுவாக உண்டு. தறி ஊரில் அது வேலையிலும் வரும். நாடா தறியில் ஓடும் மரநாடாவின் முனையில் இரும்புக் கூர் இருக்கும். ஓட்டம் பிசகினால் நாடா தறியை விட்டுப் பறக்கும். பக்கத்தில் நிற்பவரின் கண்ணிலோ முகத்திலோ படும். பட்டையிலும் பல்சக்கரத்திலும் விரல் போவது இன்னொரு வகை. இவையெல்லாம் ஒரே நொடியில் நடப்பவை. மெல்ல நடப்பது காது போவது. ஒரே கூரையின் கீழ் பல தறிகள் ஓடும் குடோனில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். தறிக்காரர்கள் உரக்கப் பேசுவது பழக்கத்தால் மட்டும் வந்ததன்று.

இதற்கு ஈடு தரும் சட்டங்கள் பழையவை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு போனதாகக் கொள்வது என்று வரிசையாகச் சொன்னது. கட்டை விரல் போனால் 30 விழுக்காடு; ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. இரைச்சலால் வரும் கேள்வியிழப்பையும் தொழில் நோயாக அச்சட்டம் ஏற்றது. 1948-ஆம் ஆண்டின் ஊழியர் அரசு காப்பீட்டுச் சட்டம் (மக்கள் வாயில் இ.எஸ்.ஐ.) நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் பணம் தர வழிசெய்தது. அதன் பெரிய மருத்துவமனை கோவை சிங்காநல்லூரில் இருக்கிறது. ஆனால் இ.எஸ்.ஐ.யின் வாசலுக்குப் போகப் பத்துப் பேர் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். சோமனூர் வட்டாரத்தில் கூலிக்கு நெய்பவர்கள் பாவையும் ஊடையையும் ஜவுளி உற்பத்தியாளரிடம் வாங்கி, வீட்டை ஒட்டிய குடோனில் குடும்பத்தோடும் ஓரிரு ஆட்களோடும் தறி ஓட்டுகிறவர்கள். அங்கே முதலாளி யார், தொழிலாளி யார் என்று பிரிப்பதே கடினம். மனைவியின் விரலுக்குக் கணவன் இழப்பீடு கொடுக்க முடியுமா?

காது விஷயத்தில் இன்னொரு முடிச்சு உண்டு. இரைச்சலால் வரும் கேள்வியிழப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகளில் தொடங்கும். பேச்சு கேட்கும், ஆனால் கூட்டத்தில் பிரித்துக் கேட்காது, போன் மணி தப்பும், பறவைச் சத்தம் போய்விடும். தற்போதைய சட்டமோ பேச்சு ஒலிகளில், இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பிலிருந்துதான் ஒருவரைக் கேட்கும் திறன் குறைந்தவராகக் கணக்கில் எடுக்கிறது. முப்பது வருடம் தறி ஓட்டிப் பாதிக் காது போனவர் பலரும் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாததால் எந்தக் கணக்கெடுப்பிலும் மாற்றுத்திறனாளியாக வருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 11.79 லட்சம் பேர் என்று சொன்ன எண்ணைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இல்லங்களின் காலம்

அரசு இவர்களுக்கென்று சேவை தொடங்குவதற்கு முன்பே பள்ளிகள் இருந்தன. பாளையங்கோட்டையில் 1890-இல் அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அதே பத்தாண்டில் அதே ஊரில் ஃப்ளோரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளி 1931-இல் வந்தது. கொங்கு நாட்டில் பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள, 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், பிற்காலத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் முக்கிய இடமாக வளர்ந்தது.

இவற்றின் தொண்டு பெரியது. ஆனாலும் இவை ஒரு பொதுவான எண்ணத்தின் மேல் நின்றன. மாற்றுத்திறனாளியின் இடம் ஒரு மதிலுக்குள்ளே. அங்கே அவருக்கு எல்லாம் வசதியாக இருக்கும். வெளியே ஊர் எப்போதும்போல இருக்கும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பும் பெற்றோருக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

இந்த எண்ணத்தை உள்ளிருந்தே அசைத்தவர்களுள் ஒருவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றவர், அங்கே நடந்த உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். ஐக்கிய நாடுகள் அவை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981-இல், சொந்த ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சிறு பள்ளியாகத் தொடங்கியது, பின்னர் சுற்றுக் கிராமங்களில் வீடு தேடிச் செல்லும் மறுவாழ்வுப் பணியாக விரிந்தது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆய்க்குடி கொங்கு நாட்டில் இல்லை என்றாலும், சேவை ஆளைத் தேடிப் போக வேண்டும் என்ற கருத்துக்குத் தமிழ்நாட்டில் முன்னோடி அதுதான்.

சேரன் பஸ்ஸும் பயண அட்டையும்

கொங்கு நாட்டுக்காரர்களின் நினைவில் அரசு பஸ் என்றால் ‘சேரன்’. கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு 1972-இல் தொடங்கிய சேரன் போக்குவரத்துக் கழகம், 1997-இல் தலைவர்களின் பெயரும் அரசர்களின் பெயரும் எடுக்கப்பட்டபோது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கோவைப் பிரிவாயிற்று. ஊர்ஊராகப் பஸ் போனது தமிழ்நாட்டின் பெருமைகளில் ஒன்று. அந்தப் பஸ்ஸின் உடல் மட்டும் லாரியின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்தின் பஸ் வரையறைப்படி தாழ்தளப் பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 40 செ.மீ., நடுத்தர வகை 65 செ.மீ., உயர்தள வகை 90 செ.மீ. இருக்கும். நம் ஊர்களில் ஓடியவை பெரும்பாலும் கடைசி வகை. இரண்டு மூன்று செங்குத்துப் படி, நடுவில் ஒரு கம்பி, பின்னால் தள்ளும் கூட்டம், ‘சீக்கிரம் ஏறுங்க’ என்னும் நடத்துநரின் குரல். முதியவர், கர்ப்பிணி, குழந்தையைத் தூக்கிய தாய் எல்லோருக்கும் இதே கதைதான். சக்கர நாற்காலிக்காரருக்கு மட்டும் கதையே இல்லை, அவர் பஸ் நிலையத்துக்கே வருவதில்லை.

அரசு இதற்குத் தந்த விடை கட்டணச் சலுகை. அரசு பஸ்களில் 75 விழுக்காடு கட்டணக் குறைப்பு, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வேலைக்கும் போக இலவச அட்டை என்று சலுகைகள் படிப்படியாக வந்தன. 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிமுகமானபோது, அடுத்து மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களின் துணையாளருக்கும் அது விரிந்தது. துணையாளரையும் சேர்த்தது உண்மையில் நல்ல முடிவு. ஆயினும் அதில் ஓர் ஒப்புதல் மறைந்திருக்கிறது: துணையாள் இல்லாமல் இந்தப் பஸ்ஸில் ஏற முடியாது. மேலும் கொங்கு வட்டாரத்தில் தனியார் பஸ்கள் மிகுதி. சலுகை அரசு பஸ்ஸில்தான் செல்லும். அடுத்து வருவது எந்த நிறப் பஸ் என்பதைப் பொறுத்து ஒருவரின் உரிமை மாறுகிறது.

ரயிலிலும் கதை ஏறத்தாழ இதுவே. தூங்கும் வசதிப் பெட்டியில் 75 விழுக்காடு சலுகை, கூட வருபவருக்கும் அதே சலுகை. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணமாகக் காட்டி ரயில்வே மூத்த குடிமக்கள் உட்படப் பலரின் சலுகையை நிறுத்தியபோதும் மாற்றுத்திறனாளிகளின் சலுகை தப்பியது. ஆனால் உயர் நடைமேடை என்று ரயில்வே சொல்வதன் உயரமே 76 முதல் 84 செ.மீ. வரைதான், பெட்டியின் தளம் 1.2 மீட்டருக்கும் மேலே. நடைமேடை தாழ்வாக இருந்தால் ஏணி ஏறுவதுபோல ஏற வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப் பெட்டி பெரும்பாலும் வண்டியின் கோடியில் இருக்கும். ஓரிரு நிமிடமே வண்டி நிற்கும் சோமனூர் போன்ற இடைநிலையத்தில் அந்தக் கோடிவரை போய்ச் சேர்வதற்கும் ஏறுவதற்கும் அதே ஓரிரு நிமிடம்தான்.

பஸ்ஸை மாற்றுவதற்குப் பதில் ஆளுக்கு ஒரு வண்டி கொடுப்பது தமிழ்நாட்டின் இன்னொரு விடை. முதலில் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள். பிறகு பின்னால் இரண்டு துணைச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர். இன்று கொங்கு நாட்டின் எந்தச் சந்தையிலும் இந்த ஸ்கூட்டரைக் காணலாம். அதில் லாட்டரிச் சீட்டு விற்ற தலைமுறை போய், அதில் வேலைக்குப் போகும் தலைமுறை வந்திருக்கிறது. இத்திட்டத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. எத்தனையோ பேருக்கு முதல் சுதந்திரம் அதுதான். ஆனால் ஸ்கூட்டர் ஓட்ட இரண்டு கைகளும் கண்ணும் வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் வாசற்படி இருந்தால் ஸ்கூட்டர் வெளியே நிற்கும், அதில் வந்தவரும் வெளியேதான் நிற்பார்.

சட்டத்தின் சிறு சொற்கள்

அமெரிக்காவில் 1990 மார்ச் 12 அன்று மாற்றுத்திறனாளிகள் பலர் சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் கீழே விட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்து ஏறினார்கள். அவ்வாண்டு ஜூலையில் அந்நாட்டின் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் 1995 டிசம்பரில் ஜாவேத் அபிதி முதலானோர் தில்லியில் நடத்திய போராட்டத்தை ஒட்டி, அம்மாதமே ஊனமுற்றோர் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1996 பிப்ரவரி 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வேலையில் 3 விழுக்காடு இடஒதுக்கீடு அதன் புகழ்பெற்ற பகுதி. பஸ், சாலை, கட்டடம் ஆகியவற்றைப் பற்றிய 44, 45, 46-ஆம் பிரிவுகளும் அதில் இருந்தன. அவற்றை எடுத்துப் படித்தால், அரசும் உள்ளாட்சிகளும் தங்கள் ‘பொருளாதார வலிமையின் வரம்புக்குள்’ செய்ய வேண்டும் என்று ஒரு சிறு தொடர் இருக்கும். எந்தப் பேரூராட்சிக்கு வலிமை இருக்கிறது? வரம்பை அளப்பவர் யார்? இருபது வருடம் அந்தத் தொடர் நின்றது.

அதே அபிதி உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, விமானத்தில் ஏற்றும் நாற்காலிக்காகவும் கட்டணச் சலுகைக்காகவும் வாதாடினார். 1998-இல் தீர்ப்பு வந்தது. விமானம் சோமனூர்க்காரருக்கு எட்டாத பொருளாகத் தோன்றலாம். ஆனால் பயணம் செய்வது உரிமை என்று நீதிமன்றத்தில் பேசத் தொடங்கிய வழக்குகளில் அது முந்தியது.

தமிழ்நாட்டில் சொல் மாறியது இதற்குப் பிறகு. ‘ஊனமுற்றோர்’ என்பதற்குப் பதில் ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற சொல்லை மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது அரசு ஏற்றது. தனித்துறையும் அதே காலத்தில் உருவானது. சொல்லை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. அரசாணையிலும் பஸ்ஸின் இருக்கைக்கு மேலேயும் வானொலியிலும் ஒரே சொல் வந்தபோது, வீட்டுக்குள் வேறு பெயர்களால் அழைக்கப்பட்டவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு சொல் கிடைத்தது. அது சிறிய விஷயமன்று.

2016 டிசம்பரில் பழைய சட்டத்தின் இடத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. ஏழாக இருந்த வகை 21 ஆனது. இடஒதுக்கீடு 4 விழுக்காடானது. புதுக் கட்டடத்துக்கு அணுகல் வசதி இல்லாவிட்டால் அனுமதி கிடையாது என்றும், இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியானதிலிருந்து 5 ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்றும் அது சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. அப்படியானால் கெடு 2022 ஜூன். போக்குவரத்தைப் பற்றிய 41-ஆம் பிரிவில் மட்டும் பழைய ஆவி திரும்பி வந்தது. பழைய வாகனங்களை மாற்றுவது தொழில்நுட்பத்தால் இயன்று, பொருளாதாரத்துக்குக் கட்டுப்படியாகி, பெரிய மாற்றம் இல்லாமல் முடிந்தால் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது.

2017 செப்டம்பர் 7

விதிகள் வெளியாகி மூன்று மாதம் ஆகாத நிலையில், 2017 செப்டம்பர் 7 அன்று சோமனூர் பஸ் நிலையத்தின் மேற்கூரை இடிந்து விழுந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் மேல் கான்கிரீட் சரிந்தது. 5 பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். அதற்கு முன் மழை பெய்திருந்தது. அரசு, ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடியை விசாரணைக்கு நியமித்தது.

இந்த விபத்து அணுகல் வசதியைப் பற்றியதன்று என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பொதுக் கட்டடத்தைக் கட்டித் திறந்துவைப்பதோடு கடமை முடிந்தது என்று எண்ணும் நிர்வாகத்தில் கூரையைத் தட்டிப் பார்ப்பவரும் இல்லை, சாய்தளத்தை அளந்து பார்ப்பவரும் இல்லை. சட்டம் கேட்ட அணுகல் தணிக்கையும் கட்டட உறுதித் தணிக்கையும், ஒருவர் அளவுநாடாவோடு போய் நின்று பார்த்து எழுதும் ஒரே வகை வேலை. இப்படிப்பட்ட விபத்தில் காலோ கையோ முதுகெலும்போ போகிறவர் மறுநாள் காலையில் மாற்றுத்திறனாளி. எந்தப் பஸ் நிலையத்தில் விழுந்தாரோ அதே பஸ் நிலையத்துக்கு அவர் திரும்பி வரவேண்டியிருக்கும்.

பஸ் நிலையத்தில் என்னென்ன வேண்டும் என்று அரசின் அணுகல் வழிகாட்டி நூல் விரிவாகச் சொல்கிறது. அதில் எல்லோருக்கும் தெரிந்த அளவு சாய்தளத்தின் சரிவு: 1-க்கு 12. அதாவது ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளம். மூன்று படி உள்ள, 45 செ.மீ. உயர வாசலுக்கு 5.4 மீட்டர் சாய்தளம் தேவை, 90 செ.மீ. உயர மேடைக்கு 10.8 மீட்டரும் நடுவே இளைப்பாறச் சமதளமும் தேவை. நம் ஊர்ப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வாக்குச்சாவடிக்காக அவசரமாகப் பூசப்பட்ட சாய்தளங்களைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். மூன்று படிக்கு ஆறடிச் சரிவு. ஏறினால் நாற்காலி பின்னால் சாயும், இறங்கினால் ஓடும். தேர்தல் ஆணையத்துக்குப் படம் எடுத்து அனுப்ப அது போதும்.

கோவையின் நடைபாதை, மெரினாவின் மரப்பாதை

2015 டிசம்பர் 3 அன்று மத்திய அரசு அணுகத்தக்க இந்தியா இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த மாதம் வெளியான பொலிவுறு நகரங்களின் முதல் பட்டியலில் சென்னையோடு கோவையும் இருந்தது. அதன் வழியாக ரேஸ்கோர்ஸிலும் ஆர்.எஸ். புரம் டி.பி. சாலையிலும் மாதிரிச் சாலைகள் வந்தன. அகலமான நடைபாதை, இருக்கை, விளக்கு.

இப்படிப்பட்ட நடைபாதைகளிலும் ரயில் நடைமேடைகளிலும் மஞ்சள் நிறத்தில் கோடும் புள்ளியுமாக ஓர் ஓடு பதிப்பதைப் பார்க்கிறோம். ஜப்பானில் செய்ய்ச்சி மியாக்கே என்பவர் 1965-இல் உருவாக்கி, 1967 மார்ச்சில் ஒக்காயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலில் பதித்தது அது. கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். நம் ஊரில் பலருக்கு அது அலங்காரம். மஞ்சள் கோடு மின்கம்பத்தில் போய் முடிவதையும், அதன் மேலேயே இளநீர்க் குலை அடுக்கியிருப்பதையும் பார்க்காதவர் இருக்க மாட்டார். இன்னொரு முரண்பாடும் உண்டு. நடைபாதையில் டூவீலர் ஏறக் கூடாது என்று வாயிலில் கம்பம் நடுகிறார்கள். டூவீலர் எப்படியோ நுழைகிறது. சக்கர நாற்காலி மட்டும் நின்றுவிடுகிறது.

சென்னை மெரினாவில் கடல் அலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற மாற்றுத்திறனாளிகளின் நெடுநாள் கோரிக்கையில், 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீள நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் அதன் முனை சேதமடைந்தது, பிறகு சரிசெய்யப்பட்டது. அதில் முதல் நாளிலிருந்தே முதியவர்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் சேர்ந்து போனார்கள். கொங்கு நாட்டாருக்கு இது புதிதன்று. பழனியில் 1966 முதல் ஓடும் இழுவை ரயிலும் 2004-இல் வந்த ரோப் காரும் படியேற முடியாதவர்களுக்காக வந்தவை. படியேற முடிந்தவர்களும் அவற்றுக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு தடையை ஒருவருக்காக எடுத்தால் அது எல்லோருக்கும் எடுபடுகிறது என்பதை மலைக்கோயில் நிர்வாகம் நகர நிர்வாகத்துக்கு முன்பே கண்டுகொண்டது.

நீதிமன்றத்தில் தாழ்தளப் பஸ்

பஸ்ஸின் படி இறங்கியது நீதிமன்றத்தின் வழியாகத்தான். சென்னையில் மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் தொடுத்த வழக்கில், புதிதாக வாங்கும் பஸ்கள் சட்டப்படி அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று வாதம் நடந்தது. சாலை மோசம், மழைநீர் தேங்கும், விலை அதிகம், இடம் குறையும் என்பன போக்குவரத்துக் கழகத்தின் பக்கத்திலிருந்து வந்த காரணங்கள். காரணங்கள் பொய்யல்ல. ஆனால் வேகத்தடையின் உயரம் பஸ்ஸின் உயரத்தைத் தீர்மானிக்கிறது என்றால், மாற்ற வேண்டியது எது என்ற கேள்வி எழும். வழக்குக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பஸ்கள் மீண்டும் ஓடத் தொடங்கின. 2025 ஜூனில் தாழ்தள மின்சாரப் பஸ்கள் வந்தன. இவை நகரப் பஸ்கள். சோமனூர் வழியாக ஓடும் புறநகர்ப் பஸ்ஸுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் இந்த வாதம் இன்னும் போய்ச் சேரவில்லை.

தில்லியில் பார்வைத் திறனற்ற ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கு இன்னும் நீண்டது. 2017 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் கட்டடங்களுக்கும் போக்குவரத்துக்கும் கெடு வைத்து ஆணையிட்டது. கெடுக்கள் கடந்தன. 2024 நவம்பர் 8 அன்று அதே வழக்கில், 2017-ஆம் ஆண்டு விதிகளின் 15-ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் கூறியது. சட்டம் ‘செய்ய வேண்டும்’ என்கிறது. விதியோ வழிகாட்டுதல்களை மட்டும் சுட்டி, செய்தால் நல்லது என்ற அளவில் நிறுத்திவிட்டது என்பது அதன் காரணம். கட்டாய அளவுகளைத் தனியே வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் தரப்பட்டது. 1995-இல் ‘வலிமையின் வரம்புக்குள்’ என்று தொடங்கிய நழுவலை நீதிமன்றம் இப்படி வெளிப்படையாகப் பேச ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆனது.

உதவித்தொகையிலிருந்து உறுப்பினர் பதவிக்கு

இதற்கிடையே பணச் சலுகையும் வளர்ந்தது. வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயானது. கடும் பாதிப்புள்ளோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000 ஆனது. சங்கங்கள் இது போதாது என்று தொடர்ந்து போராடுகின்றன. பக்கத்து ஆந்திரத்தில் 2024-இல் 6,000 ரூபாயாக உயர்ந்ததை எடுத்துக்காட்டுகின்றன. உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு தொடங்கிய உரிமைகள் திட்டம், மறுவாழ்வுச் சேவைகளை ஒரே இடத்தில் தரும் ‘விழுதுகள்’ மையங்களை ஊர்ப்பக்கம் கொண்டுவர முயல்கிறது. கோவைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டிய தறிக்காரருக்கு அருகில் ஒரு மையம் என்பது பெரிய மாற்றம்.

கருமத்தம்பட்டி 2021-இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. அதிலிருந்து நான்கு ஆண்டில் இன்னொரு மாற்றம் வந்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தையும் ஊராட்சிகள் சட்டத்தையும் திருத்தி, ஒவ்வோர் உள்ளாட்சி மன்றத்திலும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்க வழிசெய்தது. அப்போது அரசு தந்த கணக்குப்படி, நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் 35 பேர் மட்டுமே. திருத்தத்தால் நகர்ப்புறத்தில் ஏறத்தாழ 650 பேரும், கிராம ஊராட்சிகளில் 12,913 பேரும், ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேரும், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேரும் மன்றத்தில் உட்கார இடம் வந்தது. 2025 ஜூலையில் விண்ணப்பங்கள் பெறப்பட்டன.

நியமன உறுப்பினருக்கு வாக்கு இல்லை, பேசலாம், கேட்கலாம். குறைதான். ஆயினும் நகராட்சிக் கூட்டத்தின் பொருள்நிரலில் வருவன என்ன என்று பார்த்தால் இந்த இடத்தின் பயன் தெரியும். எந்தத் தெருவுக்குக் கான்கிரீட், சாக்கடை மூடியின் உயரம் என்ன, பொதுக்கழிப்பிடத்தின் கதவு எத்தனை அகலம், பஸ் நிற்கும் இடத்தில் மேடை போடுவதா வேண்டாமா, புதிய சந்தைக் கட்டடத்துக்கு எத்தனை படி: இவையெல்லாம் அங்கேதான் ஒப்புதலாகின்றன. கட்டி முடித்த பின் மனு கொடுக்கும் வழக்கம், திங்கட்கிழமைதோறும் கோவை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நிற்கும் வழக்கம். வரைபடம் மேசை மேல் விரிந்திருக்கும்போதே ‘இந்தப் படிக்குப் பதில் சரிவு போடுங்க, அஞ்சரை மீட்டர் இடம் விடுங்க’ என்று சொல்லும் ஆள் மன்றத்துக்குள் இதுவரை இருந்ததில்லை. மன்றக் கூடம் மாடியில் இருக்கும் ஊர்களில் புதிய உறுப்பினரின் முதல் கோரிக்கை எதுவாக இருக்கும் என்பதை யூகிப்பது கடினமன்று.